காபேரி வீட்டு முற்றம்

வசுமதிக்குக் கோபம் வந்தால் சைக்கிள் வேகமாகப் போகும். கோபம் வராத நாள் அவளுக்குக் குறைவு. அதனால் ஐம்பத்திரண்டு வயதில் அவள் ஓட்டுகிற வேகத்தைப் பார்த்து, பாதி வயதுப் பிள்ளைகளே மூச்சு வாங்கிக்கொண்டு பின்தங்குவார்கள்.

பவானிபூரில் பிறந்தவள். தாத்தா காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிக் குமாஸ்தாவாகக் கல்கத்தாவுக்கு வந்த குடும்பம். வங்கியில் அதிகாரியாக இருந்து, மேலாளரோடு சண்டை போட்டுக்கொண்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தாள். 'விருப்ப' என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு இன்னும் எரியும். கணவர் ரங்கராஜன் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர் என்று லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர்கள் அத்தனை பேரும் சொல்வார்கள். அத்தனை பேரும் சொல்வதாலேயே அவர்மேல் அவளுக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

சைக்கிள் அவள் வாங்கியதல்ல. மகள் அக்ஷரா முதல் வேலையில் சேர்ந்த சூட்டோடு வாங்கியது. கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி, தடித்த டயர், கப்பியும் செம்மண்ணும் சேறும் எதுவானாலும் ஏறிப் போகும் என்று சொல்லி விற்கிற கிராவல் பைக். மகள் ஏதோ கொஞ்சநாள் ஓட்டினாள், பெங்களூரில் வேறு வேலை கிடைத்ததும் கூடத்தில் சாத்திவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அது ரங்கராஜனின் துண்டு காய்கிற கொடியானது.

ஒருநாள் மதராஸிலிருந்து வந்த ஒன்றுவிட்ட தம்பியிடம் ரங்கராஜன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இவளா? கரியாஹாட்ல ரோடு தாண்டறதுக்கே என் கையப் பிடிச்சுக்கணும்."

தம்பியும் சிரித்தான். வசுமதி சிரிக்கவில்லை. மறுநாள் காலை துண்டைத் தூக்கித் தரையில் எறிந்துவிட்டு சைக்கிளை இறக்கிக்கொண்டு போனாள். சின்ன வயதில் ஏரிக்கரையில் ஓட்டிய பழக்கம்தான். முழங்கால் இரண்டும் சிராய்த்துக்கொண்டு திரும்பினாள். கணவர் மருந்து தடவ வந்தபோது, "நீங்கோ ஒண்ணும் பேசப்படாது" என்றாள். அன்று முதல் துண்டு பால்கனியில் காய்ந்தது.

ஓட்டக் கற்றுக்கொண்டபின்தான் தெரிந்தது, ஊரில் ஓட்ட இடமில்லை என்று. பெரிய சாலையாகப் பார்த்து சைக்கிள் படத்தின்மேல் சிவப்புக் கோடு கிழித்துப் பலகை வைத்திருக்கிறார்கள். ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, சந்துப் பக்கமாகப் போகச் சொன்னார். நடுரோட்டில் நின்று, பவானிபூர் வங்காளத்தில் அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். ரோடு யார் அப்பன் வீட்டுச் சொத்து? காரில் போகிறவன் மட்டும்தான் மனிதனா? அவர் பாவம், சிரித்துக்கொண்டே சந்துப் பக்கம் கைகாட்டினார்.

இந்தக் கதையை அவள் சொல்லாத இடம் கிடையாது. மளிகைக் கடையில், கோவில் பிரகாரத்தில், அக்ஷராவோடு வீடியோ காலில். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "வழின்னா எல்லாருக்கும் பொது. ஒருத்தர் இன்னொருத்தர மறிக்கறதுக்கு என்ன பாத்யதை?"

அந்தக் கோபத்தில்தான் பைபாஸைத் தாண்டிப் போனாள். பான்தலா பக்கம் நகரத்தின் கழிவுநீரெல்லாம் கால்வாயாகக் கிழக்கே ஓடுகிறது. கரையோடு ஒரு மண்பாதை, சில இடங்களில் செங்கல் பாவியது. ஒருபுறம் ஆகாயத்தாமரை அடைத்த கறுப்புத் தண்ணீர், மறுபுறம் மீன் வளர்க்கிற ஏரிகள். இன்னும் போனால் யூகலிப்டஸ் தோப்பு, அதற்கப்பால் மூங்கில் புதர்கள் இரண்டு பக்கமும் வளைந்து வெயிலே விழாத ஒரு நீளம். பனிக்காலத்தில் ஈச்சமரங்களில் சாறு இறக்கப் பானை கட்டியிருப்பார்கள். அங்கே எந்தப் பலகையும் இல்லை. ஆடு மறிக்கும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனாள். நாற்றம் அடிக்காதா என்று ரங்கராஜன் கேட்டார். "நம்மாத்து நாத்தம்தான்னா அது. நமக்கென்ன கூச்சம்?" என்றாள்.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு போனபோது ஷாலுக்டாங்கா என்ற கிராமத்து ஓரத்தில் கரை இடிந்து கால்வாயில் விழுந்திருந்தது. பாதை அறுந்து, மறுபக்கம் எட்டத் தெரிந்தது. சுற்றிப் போகவேண்டுமானால் தோல் தொழிற்சாலை லாரிகள் ஓடுகிற ரோடுதான் கதி. வசுமதி கால்வாயைத் திட்டினாள், மழையைத் திட்டினாள், பிறகுதான் இடப்பக்கம் மூங்கில் வேலியில் ஒரு திறப்பைப் பார்த்தாள். உள்ளே சாணம் மெழுகிய முற்றம். முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து கரை மறுபடி தொடங்கியது. முற்றம் முழுக்கப் புழுங்கல் நெல் பரப்பி, ஒரு பெண்மணி வெறுங்காலால் அதைக் கோடு கோடாகக் கிளறிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவள்தான் காபேரி மண்டல்.

"இந்தப் பக்கமா போகலாமா?" என்று வசுமதி வங்காளத்தில் கேட்டாள்.

காபேரி தலைக்கவசத்திலிருந்து டயர்வரை பார்த்தாள். "எங்க போற?"

"சும்மாதான்."

"சும்மாவா? இவ்வளவு தூரம் சும்மாவா வருவாங்க?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, போ."

யாரும் சொல்லாமலே வசுமதி குனிந்து காலணியைக் கழற்றினாள். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, துளசி மாடத்தின் ஓரமாக, நெல்லில் கால் படாமல் அடிமேல் அடி வைத்து நடந்தாள். அவள் ஒன்றும் யோசித்துச் செய்யவில்லை. மொட்டை மாடியில் வடாம் காய்கையில் செருப்போடு ஏறி அம்மாவிடம் முதுகில் வாங்கியவள். காய்கிற சாப்பாட்டுக்குப் பக்கத்தில் கால் தானாகவே செருப்பை உதறிவிடும். ஆனால் காபேரி அதைப் பார்த்தாள். மறுமுனையில் வசுமதி சைக்கிளை இறக்கியபோது, "அடுத்த வாரமும் சும்மாவா?" என்று கேட்டாள்.

அப்படித்தான் வழக்கமானது. திறப்புக்கு வெளியே நின்று, "காபேரி, வரலாமா?" என்று குரல் கொடுப்பாள். பதில் வரும்வரை காலை உள்ளே வைக்க மாட்டாள். வரலாம் என்றால் செருப்பு கையில், சைக்கிள் தோளில். போகிற போக்கில் ஒரு கை பொரி, சில நாள் டீ. வீட்டில் விருந்தாளி இருந்தாலோ பூஜை இருந்தாலோ, "இன்னைக்கு வேண்டாம் திதி" என்பாள் காபேரி. ஊரையே எதிர்த்துச் சண்டை போடுகிறவள், திதி என்று அக்கா முறை வைத்து அவள் சொல்கிற அந்த ஒரு வேண்டாமுக்கு மட்டும் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி, லாரி ரோட்டில் புழுதி தின்று வீடு சேருவாள். உலகத்தில் தன்னைச் சும்மா வரவிடுகிற இடம் அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

இங்கேதான் ஜெயந்த் வருகிறான். அப்பா மத்திய அரசு வேலையில் மாற்றலாகி வந்த குடும்பம், கோயமுத்தூர்க்காரர்கள். கரியாஹாட் அருகில் சைக்கிள் கடை வைத்து, சனி, ஞாயிறு காலைகளில் ஓட்டுகிற கூட்டம் ஒன்றும் நடத்துகிறான். பஞ்சர் ஒட்டப் போய்ப் பழக்கமாகி, வசுமதியும் சில சனிக்கிழமை அந்தக் கூட்டத்தோடு போவாள். அவர்கள் எல்லோருடைய போனிலும், வசுமதியின் போனிலும், ஒரு செயலி. போன வழியெல்லாம் படத்தில் கோடாக விழும், மற்றவர்களும் பார்க்கலாம். அதில் யார் வேண்டுமானாலும் ஒரு துண்டு வழியைக் குறித்துப் பந்தயமாக்கிவிடலாம். அதைக் கடக்கிற ஒவ்வொருவரின் வேகமும் தானாக வரிசையில் ஏறிவிடும்.

கார்த்திகை, மார்கழி இரண்டும் வசுமதி பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தாள். திரும்பி வந்த வாரம், கரியாஹாட் மேம்பாலத்தின் கீழே, நீலத் தார்ப்பாய் போட்டு மூடிய கடைகளுக்கு முன்னால் எல்லோரும் மண்குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆன்ட்டி, ஒரு இடத்துல மட்டும் நீங்கதான் கடைசி" என்றான் ஜெயந்த். அவன் ஆன்ட்டி என்பதே அவளுக்குப் பிடிக்காது.

"எதுல?"

"உட்டோன் ஸ்ப்ரின்ட். உங்க ரூட்ல இருந்துதான் எடுத்தேன். கால்வாய் உடைஞ்ச இடத்துல சூப்பர் கட் ஒண்ணு இருக்கில்ல? அங்க எல்லாரும் பறக்கறாங்க. நீங்க மட்டும் நடந்து போன மாதிரி டைம் காட்டுது."

உட்டோன் என்றால் வங்காளத்தில் முற்றம். வசுமதி குவளையைக் கீழே வைத்தாள். "அது காபேரி வீட்டு முத்தம்டா."

"காபேரியா? கோடு நேரா போகுதே, ஆன்ட்டி."

செருப்பைக் கழற்றியது கோட்டில் தெரியாது. வாசலில் நின்று குரல் கொடுத்ததும் தெரியாது. அவள் வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டுப் போன இடம், பார்க்கிறவனுக்கு வெறும் ரோடு. அவளுக்கு உச்சந்தலைவரை சூடேறியது. "நெல்லு காயற எடத்துல ரேஸ் விடறயே, உங்காத்து ஹால்ல நான் வந்து சைக்கிள் ஓட்டட்டுமா? எடுடா அத. இப்பவே எடு." டீக்கடைக்காரரே அடுப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். ஜெயந்த் எடுத்துவிடுகிறேன் என்றான், சாரி என்றான். அவன் நல்ல பையன்தான். ஆனால் நல்ல பையன்கள் செய்கிற அக்கிரமத்துக்குத்தான் உலகத்தில் தண்டனையே கிடையாது.

எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவனுடைய பெரிய பனிக்கால ஓட்டம், அறுபது பேர். லாரி ரோட்டில் சுற்றிப் போவதாக அவளிடம் சத்தியம் செய்திருந்தான். சனிக்கிழமை சாயங்காலம் குழுவில் செய்தி வந்தது: பாதுகாப்பு கருதிப் பழைய வழியே, முற்றத்தில் அனைவரும் மெதுவாகச் செல்லவும்.

வசுமதி போன் போட்டாள். குரல் கேட்டு ரங்கராஜன் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"லாரி அடிச்சா யார் ஆன்ட்டி பதில் சொல்றது? அறுபது பேர்" என்றான் ஜெயந்த்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டயா?"

"போய்க் கேட்க நேரம் இல்ல. அதோட நீங்கதானே எப்பவும் சொல்வீங்க, வழின்னா எல்லாருக்கும் பொதுன்னு?"

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் பதில் இல்லாமல் போனை வைத்ததை ரங்கராஜன் பார்த்ததில்லை. "விடு வசு, அவா பாடு" என்றார்.

"அவா பாடு இல்லன்னா. எம்பாடு. என் சொல்லையே எடுத்து எம்மேல வீசறான்."

விடியும் முன்பே தனியாகக் கிளம்பினாள். காபேரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவள் சரி என்றால் ஒவ்வொருவனையும் வெறுங்காலோடு நடக்கவைக்க வேண்டும், வேண்டாம் என்றால் திருப்பி அனுப்ப வேண்டும். கால்வாய்மேல் பனிமூட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. மூங்கில் நிழலில் ஒரு தடவை சறுக்கினாள். திட்டிக்கொண்டே நிமிர்ந்து ஓட்டினாள்.

திறப்புக்கு வெளியே நின்று, "காபேரி, வரலாமா?" என்றாள்.

காபேரி துடைப்பத்தோடு வந்தாள். முற்றத்தில் அன்றும் நெல். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"வா திதி. இத்தனை நாள் ஆளையே காணோம். உன் ஆளுங்கள மட்டும் அனுப்பி வெச்சியா?"

"என் ஆளா?"

"பின்ன யாரு? உன்ன மாதிரியே தொப்பி, உன்ன மாதிரியே சைக்கிள். நெல்லு மேலயே ஏத்திட்டுப் போறான். ஏண்டான்னு கேட்டா, இது ரோடு, போன்ல இருக்கு பாருங்கறான். என் வீட்டு முற்றத்த எனக்கே போன்ல காட்டறான்! முட்டை போட்டுட்டிருந்த வாத்த நசுக்கிட்டான் ஒருத்தன். திரும்பிக்கூடப் பார்க்கல." அவள் குரல் உடைந்தது. உடைந்ததற்காகவே இன்னும் கத்தினாள். "உன்ன நம்பித்தானே வழி விட்டேன்?"

நான் அனுப்பவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள் வசுமதி. அதற்குள் பின்னால் சங்கிலிச் சத்தம், மணியோசை, சிரிப்பு. கரையில் நீள வரிசையாக அறுபது பேரும் வந்துகொண்டிருந்தார்கள். வசுமதி சைக்கிளைக் குறுக்கே போட்டுத் திறப்பை மறித்து நின்றாள்.

முன்னால் வந்த ஜெயந்த் கிறீச்சென்று பிரேக் பிடித்தான். "ஆன்ட்டி, ப்ளீஸ். பின்னால எல்லாரும் முட்டிக்கறாங்க. இங்க திரும்பக்கூட முடியாது."

"ஷூவக் கழட்டு."

"என்ன?"

"ஷூவக் கழட்டு! எல்லாரும் கழட்டுங்கோ! சைக்கிளத் தோள்ல தூக்கு! அப்புறம் இந்தம்மா கால்ல விழுந்து கேளு. அவ சரின்னா போ, இல்லன்னா வந்த வழியப் பாரு!" தமிழில் கத்தினாள், வங்காளத்தில் கத்தினாள், இங்கிலீஷிலும் கத்தினாள். வங்கி மேலாளர், போலீஸ்காரர், கைபிடித்து ரோடு தாண்டவைத்த ரங்கராஜன், அத்தனை பேருக்கும் சேர்த்துக் கத்தினாள். பின்வரிசையில் சிலர் நிஜமாகவே குனிந்து காலணி நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.

"வேண்டாம்" என்றாள் காபேரி.

கத்தாமல் சொன்னாள். அதனாலேயே எல்லோருக்கும் கேட்டது.

"ஷூ போட்டும் வேண்டாம், கழட்டியும் வேண்டாம். இது என் வீடு. யாரும் வரக்கூடாது." பிறகு வசுமதியைப் பார்த்தாள். "நீயும்தான் திதி."

வசுமதிக்கு முதலில் வந்தது கோபம்தான். "ஒவ்வொரு தடவையும் உன்னக் கேட்டுட்டுத்தானே போனேன்? ஒரு மணி நெல்ல மிதிச்சிருப்பேனா?"

"நீ கேட்ட, நான் சரின்னேன். நீ நல்லபடியாத்தான் போன. ஆனா நீ போனதாலதான் அது போன்ல ரோடாச்சு. மறுபடி போனா மறுபடி ஆகும்."

வசுமதிக்குக் கண் கரித்தது. அதைக் கூட்டத்தில் எவனும் பார்த்துவிடக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, "திரும்புங்கோ எல்லாரும்!" என்று அதட்டினாள்.

அந்தக் கரையில் அறுபது சைக்கிள் திரும்புவது லேசான காரியமில்லை. முட்டினார்கள், சரிந்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டார்கள். ஜெயந்துக்கு ஒரு கால் சறுக்கி, வெள்ளைக் காலணியோடு முழங்கால்வரை கல்கத்தாவின் கழிவுநீரில் இறங்கியது. சொன்னால் பாவம், வசுமதிக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

லாரி ரோட்டில் அவளே முன்னால் போனாள். ஓரமாகப் போ என்று பின்னால் வருகிறவர்களையும், ஒதுங்கிப் போ என்று லாரிக்காரர்களையும் தொண்டை கட்டுகிறவரை அதட்டிக்கொண்டே போனாள். ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. அறுபது பேரும் புழுதி தின்றார்கள், அவ்வளவுதான். கடை வாசலில் இறங்கியதும் ஜெயந்த் போனை எடுக்கும்வரை எதிரில் நின்றாள். பந்தயத்தை அவன் அழித்தான். தன்னுடைய பழைய கோடுகளை அவளே ஒவ்வொன்றாகத் தேடி அழித்தாள். ஆனால் மற்றவர்களின் போனில் விழுந்துவிட்ட கோடுகளை யார் அழிப்பது?

அடுத்த ஞாயிறு போனபோது திறப்பில் மூங்கில் குறுக்கே கட்டியிருந்தது. "காபேரி!" என்று கூப்பிட்டாள். வரலாமா என்று கேட்கவில்லை. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது, ஆள் வரவில்லை. வேலிக்கு வெளியே கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்த வழியே திரும்பினாள். அதற்கடுத்த வாரமும் அப்படியே. அவளுக்குக் காபேரிமேல் கோபம், ஜெயந்த்மேல் கோபம், இடிந்த கரையைக் கட்டாதவர்கள்மேல் கோபம். ஆனாலும் சைக்கிள் ஏனோ மெதுவாகத்தான் போனது. ஈச்சமரங்களில் பானை இறக்குகிற சமயத்தில் ஒருநாள் காபேரி வெளியே வந்தாள். மூங்கிலை அவிழ்க்கவில்லை. அதற்கு மேலாகக் கையை நீட்டி ஒரு கிண்ணம் பொரியைக் கொடுத்தாள். இரண்டு பேரும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று ஜெயந்தைக் கொஞ்சநேரம் சேர்ந்து திட்டினார்கள்.

இப்போதும் வசுமதி ஞாயிறு தவறாமல் அந்த வேலிவரை போகிறாள். அங்கேயே திரும்பிவிடுகிறாள். போன வாரம் மேம்பாலத்துக்குக் கீழே டீ குடிக்கையில், கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த மது என்ற பெண் போனை நீட்டினாள்.

"ஆன்ட்டி, நீங்க ஏன் எப்பவும் இங்கயே திரும்பிடறீங்க? தாண்டிப் போக வழி இருக்கே, பழைய ரைடுல கோடு தெரியுதே?"

ஜெயந்த் குவளைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். வசுமதி போனை வாங்கவில்லை.

"கோடு தெரியும்" என்றாள். "வழி கிடையாது. அது ஒருத்தியோட வீடு."